கவர் வாங்காத வெளியீடு: சுங்கை சிப்புட் படநூல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவில் தமிழில் நூல் போடுபவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் போடுகிறார்கள். எழுதியதை வாங்கிக்கொண்டு, செலவை ஏற்று, ராயல்டி தரும் பதிப்பகம் பள்ளிப் பயிற்சி நூல்களுக்கு உண்டு. கதைக்கும் கவிதைக்கும் அரிது. ஆகவே "ஏன் சொந்தமாகப் பதிப்பிக்கிறீர்கள்?" என்று இங்குள்ள எழுத்தாளரைக் கேட்டால், "வேறு வழி என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார். எனக்கு இருந்த கேள்வி வேறு. எழுத்தாளர் கையில் ஓரளவு பணம் இருக்கிறது. அச்சகம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. நூலுக்கு அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகம் தனிநபருக்கும் இலவசமாகவே கொடுக்கிறது. அப்படியிருக்க, நடுவில் ஒரு சிறு பதிப்பகத்தைச் சேர்த்து, வருகிற லாபத்தில் அதற்கும் பங்கு கொடுப்பானேன்?

அந்தக் கேள்விக்கு ஒரு சிறுவர் படநூலை வைத்துப் பதில் தேடியிருக்கிறேன். நூலுக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான்; ஆகவே முழுக்க வெளியாள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன்.

ஊரும் ஆட்களும்

பேராக்கில், ஈப்போவிலிருந்து கோலக்கங்சார் போகும் வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அதை அடுத்த தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வரலாற்றுப் பாடத்தில் வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். ஊரைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சமில்லை. ஆனால் இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பெண்களைப் பற்றி ஏழு வயதுப் பிள்ளை படிக்கிற மாதிரி ஒரு படநூல் என் கண்ணில் பட்டதில்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பால்மரம் என்பது பாட்டி சொல்லும் சங்கதி, அவ்வளவுதான்.

எழுதியவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன். தோட்டத்தில் பிறந்தவர், அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறியவர். ஞாயிறு பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் பல வருடங்களாக எழுதியவர். தமிழ் நேசன் 2019இல் நின்றபோது அவருக்குக் கதை அனுப்ப ஓரிடம் குறைந்தது.

படம் வரைந்தவர் அவரிடம் படித்த பையன். இப்போது முப்பதை நெருங்குகிறார். கோலாலம்பூரில் விளம்பர வேலையில் இருந்து, 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை போய், ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே டேப்லட்டில் வரைந்து பிழைப்பவர். பதிப்பாளர் ஈப்போவில் இருக்கிறார். பகலில் ஓர் உத்தியோகம், இரவிலும் சனி ஞாயிறும் பதிப்பகம். அலுவலகம், கிடங்கு, கணக்குப் பிரிவு எல்லாமே அவர் வீட்டு மேல்மாடி அறைதான்.

டீச்சரின் முதல் நூல்

இந்தப் படநூலுக்கு முன்பே டீச்சர் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்தார். யாரையும் நடுவில் வைக்காமல் நேரே அச்சகத்துக்குப் போனார். ஆஃப்செட் அச்சில் பிளேட் என்னும் அச்சுத் தகடு போடும் செலவு முந்நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். கூடுவது காகிதமும் பைண்டிங்கும். "ஆயிரமாவே போட்டுடுங்க டீச்சர், ஒன்னுக்குக் கணக்குப் பார்த்தா மலிவா வரும்" என்றார் அச்சகக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆயிரம் போட்டார்கள்.

வெளியீடு ஒரு மண்டபத்தில் நடந்தது. நம் ஊர்களில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு, சிறப்புரை. அப்புறம் பிரமுகர் முதல் நூலைப் பெறுவார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கும். ஒவ்வொருவரும் பணம் வைத்த ஒரு கவரை நீட்டி, ஒரு நூலை வாங்கி, படம் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அன்றைக்கே டீச்சருக்கு அச்சுச் செலவு திரும்பியது. சாப்பாட்டுச் செலவு போகக் கொஞ்சம் மிஞ்சியும் இருந்தது. இங்கே வருடக்கணக்காகத் தமிழ் நூல்கள் வருவது இந்தக் கவர்களால்தான். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கடையும் நூலகமும் கைவிட்ட இடத்தில் உறவும் நட்பும்தான் நூலைத் தாங்கின.

ஆனால் கவர் என்பது மொய். கொடுப்பவர் நூலுக்கு விலை கொடுக்கவில்லை, டீச்சரின் முகத்துக்குக் கொடுக்கிறார். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வைத்தவர் நூலைத் திறந்தாரா என்று கேட்பது, மொய் எழுதியவரிடம் பாயசம் எப்படி இருந்தது என்று கேட்பது போல. அது அவருடைய கணக்கிலேயே இல்லை. மொய் என்றால் திருப்பி வைக்கவும் வேண்டும். அடுத்த சில வருடங்களில் டீச்சர் யார் யார் வெளியீட்டுக்கோ கவரோடு போய் வந்தார். மீதிப் பிரதிகள் பெட்டி பெட்டியாகச் சாமான் அறையில் கிடந்தன. கல்யாணம், பிரியாவிடை, பரிசளிப்பு என்று எதற்கும் அதையே பொதி கட்டிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகம், பதிப்பகச் சட்டப்படி நூலில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். டீச்சர்தான் வெளியீட்டாளர், ஆகவே அவர் வீட்டு முகவரி இரண்டாம் பக்கத்தில் ஏறியது. சொந்தமாகப் போடுகிறவர்கள் பலர் அச்சான பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

அந்தத் தொகுப்பை நான் படித்திருக்கிறேன். பன்னிரண்டு கதைகளில் நான்கு நல்ல கதைகள். மற்ற எட்டும் யாராவது ஒருவர் உட்கார்ந்து "டீச்சர், இதை வெட்டலாமே" என்று சொல்லியிருந்தால் நன்றாக வந்திருக்கக் கூடியவை. அச்சகக்காரர் அதைச் சொல்ல மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

ஓவியர் வந்த வழி

ஓவியருக்கு அன்றாடச் சோறு போட்டது பயிற்சி நூல்கள். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெயர் எங்கும் வராது. ஒரு முறை அவர் பால்மரம் வெட்டும் பெண்ணை வரைந்து கொடுத்தார். நூல் வந்தபோது படம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. பக்க வடிவமைப்பில் அந்த மூலைக்கு அப்படித்தான் பொருந்தியது போலும். யாரோ கண்ணாடிப் பிம்பம் போல் புரட்டிவிட்டார்கள். மற்றவர் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். டீச்சர் கவனித்தார். பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக நிற்காமல் கொஞ்சம் வலம் சாய்ந்து ஏறுவதால், அப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். படத்தில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்கியது. "என்னடா தம்பி, மரத்தையே கெடுத்து வச்சிருக்க?" என்று கேட்டாராம்.

அந்தப் படம் பிறகு வேறொரு நூலிலும் வந்தது, அதே தலைகீழ் வெட்டோடு. ஓவியருக்கு இரண்டாவது தடவை காசு வரவில்லை, கேட்கவும் வழியில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் கூலி பேசிச் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விட்டதாகக் கொள்ளப்படும். வரைந்தவனுக்குத்தான் உரிமை என்று நம் ஓவியர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூலிக்கு வரைந்தால், எழுத்தில் மாற்றிப் பேசாதவரை, அப்படி இல்லை. இரண்டாவது தடவை காசு தராததில் அந்தப் பயிற்சி நூல் நிறுவனம் இந்தப் பிரிவை மீறவில்லை. சட்டமே அப்படி.

ஓவியர்கள் ஏன் சிறு பதிப்பகத்தைத் தேடுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பிரிவில் இருக்கிறது என்பது என் எண்ணம். "சுதந்திரம்" என்று அவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நோண்டிக் கேட்டால், தன் படத்தைத் தன்னைக் கேட்காமல் புரட்டக் கூடாது என்பதில்தான் வந்து நிற்கும்.

இருந்த வழிகள்

படநூல் யோசனை டீச்சருடையது: பாட்டியோடு ஒரு நாள் வெட்டுக்குப் போகும் சிறுமி. முதலில் ஒரு பயிற்சி நூல் நிறுவனத்திடம் காட்டினார்கள். அவர்களுக்குக் கதை பிடித்தது. ஆனால் கடைசியில் ஒரு நீதியும், அதற்குப் பின்னால் நான்கு பக்கம் கருத்துணர் கேள்விகளும் வேண்டும் என்றார்கள். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அது நியாயமே. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தான பிறகும் தமிழ்ப் பெற்றோர் கடையில் முதலில் புரட்டிப் பார்ப்பது கேள்விப் பக்கத்தைத்தான். டீச்சர் மறுத்துவிட்டார். "முப்பது வருஷம் கேள்வி எடுத்துக் கொடுத்தவ நான். இதுல வேணாம்."

சென்னையில் அச்சடித்துக் கப்பலில் வரவழைக்கும் வழியும் இருந்தது. எழுத்து மட்டுமே உள்ள நூல்களுக்கு இங்கே பலர் அதைத்தான் செய்கிறார்கள். பெரிய எண்ணிக்கையில் போட்டால் மலிவு. படநூலுக்கு அது சரிவராது என்பதற்கான காரணம் கீழே வருகிறது. மின்னூலைப் பற்றிப் பேசினார்கள், விட்டுவிட்டார்கள். படுக்கையில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து புரட்டுவதற்கு டீச்சருக்குத் தாள் வேண்டும்.

மறுபடியும் தானே போடலாம் என்பது கடைசி வழி. பணக்கணக்கில் அதுதான் சிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விகிதம் புரிவதற்காக முழு எண்களில் போட்டுக் காட்டுகிறேன். இது இந்த நூலின் கணக்கு அல்ல. விலை 20 வெள்ளி, அச்சுச் செலவு பிரதிக்கு 8 வெள்ளி என்று வையுங்கள். கையில் விற்றால் 12 வெள்ளி மிச்சம். கடைக்குக் கொடுத்தால், 40 விழுக்காடு கழிவு போக 12 வெள்ளி கைக்கு வரும். அச்சுச் செலவு போக மிஞ்சுவது 4. வழக்கமான பத்து விழுக்காடு ராயல்டி என்றால் 2 வெள்ளி. எழுதியவரும் வரைந்தவரும் பிரித்தால் ஆளுக்கு ஒன்று. சிறு பதிப்பகத்தோடு மூன்று பங்கு என்றால் கைவிற்பனையில் ஆளுக்கு 4, கடைவழியில் ஒன்றரையைக்கூட எட்டாது. தனியாகப் போட்டால் அந்த 12 வெள்ளியும் டீச்சர் கையில். பணத்துக்காகத்தான் சிறு பதிப்பகத்துக்குப் போகிறார்கள் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

பேசிக்கொண்டது

ஒப்பந்தம் இரண்டு தாள். எழுத்தின் உரிமை டீச்சருக்கு, படங்களின் உரிமை ஓவியருக்கு. 26ஆவது பிரிவு சொல்லும் உரிமை மாற்றம் இந்தப் படங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. பதிப்பகத்துக்குத் தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், மூன்று ஆண்டுக்கு. மொழிபெயர்ப்பு, மின்னூல், படத்தைப் பையிலோ சட்டையிலோ போட்டு விற்பது எல்லாம் அவரவருக்கே. அச்சுச் செலவில் டீச்சர் பாதி, பதிப்பாளர் பாதி. ஓவியர் பணம் போடவில்லை. ஆனால் போட்ட பணம் திரும்பும்வரை அவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை, முதல் பிரதியிலிருந்தே அவருக்கு ஒரு தொகை. செலவு எடுத்த பிறகு மூன்று சம பங்கு. முதல் அச்சு முந்நூறு, பிளேட் தேவைப்படாத டிஜிட்டலில். பிரதிக்கு விலை கூடத்தான். ஆனால் சாமான் அறை நிரம்பாது.

எழுத்தாளரிடம் பணம் வாங்குவதால் இதுவும் காசுக்குப் போட்டுத்தரும் கடைதானே என்று ஒரு நண்பர் கேட்டார். பணம் வாங்குவதை வைத்து அதைச் சொல்ல முடியாது. பதிப்பகமும் தன் காசைப் போட்டிருக்கிறதா, எழுத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவு அதற்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் "அருமை" என்று சொல்லி விலைப்பட்டியலை நீட்டுகிற இடம் அச்சகம்தான், பெயர்ப்பலகையில் பதிப்பகம் என்று இருந்தாலும்.

வெட்டு

பதிப்பாளர் முதலில் செய்த வேலை, டீச்சரின் எழுத்தில் பாதிக்கு மேல் எடுத்தது. எட்டாம் பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தது: "பாட்டி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காண்டா வாளியைத் தோளில் வைத்து, இருட்டில் நிரை நிரையாக நின்ற மரங்களுக்கு நடுவே நடந்தார். மீனா பயத்தோடு பின்னால் போனாள்." படத்தில் இவை எல்லாம் இருந்தன: விளக்கு, வாளி, இருட்டு, பாட்டியின் முந்தானையைப் பிடித்த சின்னக் கை. பதிப்பாளர் மூன்று சொல் மட்டும் விட்டு வைத்தார்: "பாட்டி, நில்லு பாட்டி!"

டீச்சருக்குக் கோபம். பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மை போட்டே பழகியவருக்கு, தன் எழுத்தில் இன்னொருவர் கை வைப்பது அதுதான் முதல் தடவை.

"நான் எழுதினது எல்லாம் எங்கப்பா?"

"படம் சொல்லிடுச்சு டீச்சர்."

"அப்ப நான் எதுக்கு?"

"பிள்ளை பயந்துட்டான்னு படம் சொல்லும். என்ன சொல்லிக் கூப்பிட்டான்னு நீங்கதானே சொல்ல முடியும்?"

இரண்டு வாரம் பேச்சில்லை. அப்புறம் டீச்சரே இன்னும் மூன்று பக்கத்தை வெட்டி அனுப்பினார். எனக்கு வந்த மெய்ப்பில் எழுத்து அவ்வளவு குறைவாக இருந்ததால் கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன், அது வேறு. இந்த நாட்டில் தமிழ் நூலுக்கு அச்சகம் குறைவில்லை, பணமும் எப்படியோ புரண்டுவிடுகிறது. எழுதியவரோடு சண்டை போட ஆள்தான் இல்லை. டீச்சர் தன் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வாங்கியது அதைத்தான்.

ஊதாவாகிப்போன விடியல்

விடியற்காலைப் பக்கங்களை ஓவியர் ஆழ்ந்த நீலத்தில் வரைந்திருந்தார். திரையில் பார்க்க அள்ளிக்கொண்டு போகும். அச்சகத்திலிருந்து வந்த முதல் மாதிரியில் அது ஊதாவாக இருந்தது, கத்தரிக்காய் நிறம். திரை ஒளியால் காட்டும் அடர்நீலத்தை அச்சில் சயான் என்னும் பச்சை கலந்த நீல மையும் மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பு மையும் கலந்துதான் கொண்டுவர வேண்டும். மெஜந்தா கொஞ்சம் தூக்கினாலும் நீலம் ஊதாவுக்குப் போய்விடும். பதிப்பாளர் ஒரு சனிக்கிழமை ஓவியரை அச்சகத்துக்கே அழைத்துப் போய் உட்கார வைத்தார். மெஜந்தாவைப் படிப்படியாகக் குறைத்து, நான்கு தாள் எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தார்கள். "அண்ணே, இது திரையில இருந்த நீலம் இல்ல. ஆனா தோட்டத்துல இருந்த நீலம்னு டீச்சர் ஒத்துக்குவாங்க" என்றாராம் ஓவியர். சென்னைக்கு அனுப்பியிருந்தால் இந்தச் சனிக்கிழமை கிடைத்திருக்காது. ஊதாப் பிரதிகள்தான் பெட்டியில் வந்து இறங்கியிருக்கும்.

எழுத்திலும் ஒரு தொல்லை வந்தது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் உலக மொழிகளுக்கான கம்போசர் என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். "கெட்டி" என்ற சொல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். தமிழ் தெரியாத அச்சகத்தில் இதை யாரும் பிடித்திருக்க முடியாது.

பக்கம் 32, நடுவில் கம்பித் தையல். தேசிய நூலகத்தின் 978-967 வரிசையில் எண் வாங்கியது, வெளிவந்த ஒரு மாதத்துக்குள் 1986ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து பிரதி அனுப்பியது எல்லாம் பதிப்பாளர் பொறுப்பு. முகவரியும் அவருடையது.

வெளியீடும் விற்பனையும்

டீச்சர் படித்துக் கொடுத்த பள்ளியிலேயே வெளியீடு, ஒரு சனிக்கிழமை காலை. பிரமுகர் இல்லை, மாலை இல்லை. நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் நூலை வாசித்துக் காட்டினார்கள். வாசலில் மேசை போட்டு, விலை எழுதி ஒட்டி, சில்லறை வைத்துக்கொண்டு பதிப்பாளர் உட்கார்ந்திருந்தார். கவர் வேண்டாம் என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள்.

அதில் மனக்கசப்பும் வந்தது. டீச்சரின் பழைய சக ஆசிரியர் ஒருவர் கவரோடு வந்தார். அவருடைய வெளியீட்டுக்கு டீச்சர் வைத்ததைத் திருப்பி வைக்க வந்தவர். வாங்க மறுத்ததும் முகம் மாறியது. "அப்ப நான் கடன்காரனாவே இருக்கணுமா?" கடைசியில் கவரில் இருந்த பணத்துக்கு உரிய அளவு நூலைக் கொடுத்து, பள்ளி நூலகத்துக்கு அவர் பெயரில் வைக்கச் சொன்னார்கள். சமாதானம் ஆனாரா என்று தெரியவில்லை. டீச்சருக்கும் அன்று முழுக்கச் சங்கடம். அன்றைய வசூல் முதல் நூலின் வசூலை நெருங்கவே இல்லை என்பதும் உண்மை.

வித்தியாசம் பின்னால்தான் தெரிந்தது. பதிப்பாளர் தன்னிடம் உள்ள மற்ற நூல்களோடு இதையும் தீபாவளிச் சந்தைக்கும் தமிழ்ப்பள்ளி விழாக்களுக்கும் கொண்டுபோனார். ஒரு நூல் மட்டும் கையில் இருப்பவரால் மேசை வாடகை கட்டி உட்கார முடியாது. பதினைந்து தலைப்பு இருப்பவரால் முடியும். டீச்சரைத் தெரியாதவர்கள், அவர் முகத்தைப் பார்த்தே இராதவர்கள், வாங்கினார்கள். தைப்பிங்கில் ஒரு தாய், தன் பிள்ளை வெட்டு இறங்கும் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிற காணொளியை வாட்சாப்பில் அனுப்பினார். முந்நூறும் தீர்ந்து மறுஅச்சு போனது.

சிறு பதிப்பகத்தின் குறைகளையும் எழுதாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். நூல் சொன்ன காலத்தைவிட மாதக்கணக்கில் தாமதமாக வந்தது, பதிப்பாளரின் உத்தியோகத்தில் கணக்கு முடிக்கும் காலம் என்பதால். விற்பனைக் கணக்கு இன்றுவரை வாட்சாப் செய்தியாகத்தான் வருகிறது. ஓவியர் அதைக் கைப்பேசித் திரையோடு படம் பிடித்து வைத்துக்கொள்கிறார். கோலாலம்பூர்க் கடைகளில் கொடுத்த பிரதிகளுக்குக் காசு கேட்டு அலையவே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளும் அவரேதான். எல்லாம் ஒருவர் தலையில் இருப்பதால், அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் பதினைந்து நூல்களும் சேர்ந்து படுக்கும்.

ஒப்பந்தத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மூன்று ஆண்டு முடிந்ததும் உரிமை அவரவரிடம் திரும்பும் என்று எழுதியிருக்கிறது. மை திருத்திய அச்சுக் கோப்பும் இன்டிசைன் கோப்பும் யாருக்கு என்று எழுதவில்லை. அவை இப்போது பதிப்பாளரின் கணினியில் மட்டும் இருக்கின்றன. டீச்சரும் ஓவியரும் மலாய்ப் பதிப்பு பற்றிப் பேசத் தொடங்கியிருப்பதால் இதைச் சொன்னேன். பதிப்பாளர் சரி என்றார். கோப்புகளின் நகல் ஒன்றை ஓவியரிடம் கொடுத்து, இரண்டு தாளோடு மூன்றாவதாக ஒரு தாள் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.